பசுமைத் தள்ளுபடி: யார் கொடுக்கிறார், எப்போது கைக்கு வருகிறது?

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவை 'ரிபேட்' என்ற சொல்லை முதலில் கேட்டது கோ-ஆப்டெக்ஸ் கடையின் தீபாவளி விற்பனையிலோ, காந்தி ஜெயந்தியை ஒட்டிய கதர் விற்பனையிலோதான். ஆயிரம் ரூபாய்ச் சேலையை 30 சதவீதத் தள்ளுபடி போக எழுநூறு ரூபாய்க்கு வாங்கி வருகிறோம். மீதி முந்நூறு ரூபாயை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு பங்கை விற்பவர் ஏற்கிறார். இன்னொரு பங்கை அரசு தன் நிதியிலிருந்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஈடுகட்டுகிறது. விசைத்தறித் துணி மலிவாகக் கிடைக்கும் சந்தையில் கைத்தறியும் நிலைக்க வேண்டும் என்பது பொது நோக்கம். சேலை வாங்குபவர் அந்த நோக்கத்துக்குத் துணை நிற்கிறார் என்பதால், அவருடைய செலவில் ஒரு பங்கைப் பொதுப்பணம் சுமக்கிறது.

பசுமைத் தள்ளுபடி என்று இன்று பேசப்படுவதும் இதே ஏற்பாடுதான். சேலையின் இடத்தில் சூரிய மின்தகடு, மின்சார ஸ்கூட்டர், சொட்டுநீர்க் குழாய் என்று பொருள்கள் மாறியிருக்கின்றன. ஒரு வீடு மின்சாரத்தையோ நீரையோ மிச்சப்படுத்தினால், அல்லது குப்பையைக் குறைத்தால், அதன் பயன் அந்த வீட்டோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தடி நீர் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் பொதுவானது. அனல்மின் நிலையத்தில் எரியாமல் மிஞ்சும் நிலக்கரியின் நன்மை யாரென்றே தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் அதற்கான செலவு முழுவதும் ஒரே வீட்டின் தலையில் விழுகிறது. பயன் பலருக்கும் செலவு ஒருவருக்கும் என்ற இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் நேர்செய்வதற்காகத் தரப்படும் பணமே பசுமைத் தள்ளுபடி. நம் பேச்சு வழக்கில் தள்ளுபடிக்கு இன்னொரு பெயர் 'கழிவு'. குப்பைக்கும் அதே சொல்தான் என்பதால், கழிவைக் குறைப்பவருக்குக் கழிவு கொடுக்கும் திட்டம் என்று வேடிக்கையாகச் சொன்னாலும் பொருள் பிசகாது.

காவிரி டெல்டாவுக்கு இந்த நோக்கம் புதிதன்று, கருவிதான் புதிது. 'கோயில் பாதி, குளம் பாதி' என்று மன்னார்குடியைச் சொல்வார்கள். ராஜகோபாலசுவாமி கோயிலுக்குரிய ஹரித்ரா நதி தெப்பக்குளம் மட்டுமே ஏறத்தாழ 23 ஏக்கர் பரப்புடையது. இத்தகைய குளங்களுக்கும் அவற்றுக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்களுக்கும் தூர் எடுத்தவர்களுக்கு யாரும் ஊக்கத்தொகை தரவில்லை. குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் தத்தம் பங்கு உழைப்பைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் அதை மீறினால் தண்டனை என்ற நிலைக்குக் கொண்டுசென்றது. ஒரு பொதுக் காரியத்தைச் செய்விக்க வழக்கம், சட்டம், பணம் என்று மூன்று வழிகள் உண்டு. தள்ளுபடி இவற்றில் மூன்றாவது வழி மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எதற்குத் தள்ளுபடி உண்டு, எதற்கு இல்லை என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அதாவது, இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது சட்டத்தின் வழி. புனே மாநகராட்சியோ மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம், சூரிய ஆற்றல் போன்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்ட வீடுகளுக்குச் சொத்து வரியில் 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும் வழியைக் கைக்கொண்டது. நம் ஊர் நகராட்சியில் சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபர் மாத இறுதிக்குள், கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கிறது. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். இதைப் பசுமைத் தள்ளுபடி என்று எண்ணிக்கொண்டு, மழைநீர்த் தொட்டியின் புகைப்படத்தோடு வரி வசூல் மையத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. அது காலத்தோடு வரி கட்டியதற்கான சலுகை; தொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தள்ளுபடி இல்லை என்பதற்காக மழைநீர் சேகரிப்பின் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 93,000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக முக்கால் பங்கு பிடித்தாலும் எழுபதாயிரம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கும். முற்றம் வைத்த பழைய வீடுகளில் தாழ்வாரத்து ஓரமாக அண்டாவை நிறுத்தி மழைநீர் பிடித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை, தேவையும் இருக்கவில்லை.

பணம் வரும் மூன்று வழிகள்

தள்ளுபடி அறிவிப்பு எதைப் படித்தாலும், பணம் எந்தக் கட்டத்தில் நம் கைக்கு வருகிறது என்பதையே முதலில் தேட வேண்டும். சில திட்டங்களில் அது விலையிலேயே கழிந்துவிடும். மின்சார இரு சக்கர வாகனங்களுக்காக 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. முதல் ஆண்டில் மின்கலத்தின் ஒவ்வொரு கிலோவாட் மணித் திறனுக்கும் 5,000 ரூபாய் என்றும், ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்றும் விலையில் குறைக்கப்பட்டது. நிறுவனம் அந்தத் தொகையை அரசிடமிருந்து பெற்றுக்கொண்டது. இரண்டாம் ஆண்டில் இரண்டு அளவுகளும் பாதியாயின. இது திட்டமிட்ட குறைப்பு. புதிய பொருள் சந்தையில் காலூன்றும்வரை தோள்கொடுத்து, பிறகு மெல்ல விலகிக்கொள்வதே இவ்வகைத் தள்ளுபடியின் வடிவமைப்பு. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த தொகை இந்த ஆண்டு நமக்குக் கிடைக்கவில்லையே என்று விற்பனையாளரிடம் வாதிடுவதில் பயனில்லை.

இரண்டாவது வகையில் முழு விலையையும் முதலில் நாம் கட்டிவிட வேண்டும்; நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அலுவலகக் கடிதங்களில் இதைப் 'பின்னேற்பு மானியம்' என்று எழுதுவார்கள். 2015 முதல் சமையல் எரிவாயு உருளைக்கு முழு விலை கொடுத்துவிட்டு, மானியம் வங்கியில் ஏறியதா என்று கைப்பேசிக் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உருளைக்கு ஆயிரத்துக்குள் முடிந்த காத்திருப்பு, சூரிய மின்தகட்டில் லட்சத்துக்குப் போய்விடுகிறது. தள்ளுபடிக்குத் தகுதி இருந்தும் கையில் முதல் இல்லாதவர் வெளியே நிற்க வேண்டியிருப்பது இந்த முறையின் பெரிய குறை என்பது என் கருத்து. சூரிய மின்தகட்டுத் திட்டத்தில் ஈடு இல்லாத வங்கிக் கடனையும் சேர்த்து அறிவித்திருப்பது இதை ஓரளவு சரிசெய்கிறது.

மூன்றாவது வகை, முதலில் நம்மிடம் ஒரு தொகையைக் கூடுதலாக வாங்கிவிட்டுப் பிறகு அதைத் திருப்பித் தருவது. டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பத்து ரூபாயைத் தரும் முறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022-இல் நீலகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மலையில் அதற்குக் காரணம், உடைந்த பாட்டில் கிழிக்கும் யானையின் கால். டெல்டாவில் நடவுக்காக முழங்கால் சேற்றில் இறங்கும் பெண்களின் கால் என்று அந்தக் காரணத்தை மாற்றிக்கொள்ளலாம். வரப்போரத்தில் உடைந்து கிடக்கும் பாட்டில், உழவு ஓட்டும்போது வயலுக்குள் இறங்கிவிட்டால், அதைத் தேடி எடுப்பது இயலாத காரியம். இந்த முறையில் அரசு புதிதாகப் பணம் எதுவும் ஒதுக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடித்தவர் திருப்பாவிட்டாலும், காலிப் பாட்டில் பொறுக்குபவர் அதைத் திருப்பிப் பத்து ரூபாய் பெறுகிறார்.

மாடியில் ஏறும் கணக்கு

சிறு நகரத்து வீடுகளில் அதிகம் பேசப்படும் தள்ளுபடி, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்துக்குரியது. ஒரு கிலோவாட் திறனுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மத்திய அரசின் மானியம் வரையறுக்கப்பட்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு அடிப்படை விலையில் 60 சதவீதம், மூன்றாவது கிலோவாட்டுக்கு 40 சதவீதம் என்பது இதன் பின்னுள்ள கணக்கு. அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 45,000 ரூபாய் என்று கொள்ளப்பட்டது; சந்தையில் இதைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். கூடும் தொகை முழுவதும் வாங்குபவருடையது, ஏனெனில் மானியத் தொகை விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை. உள்நாட்டில் தயாரான தகடுகளாக இருக்க வேண்டும், திட்டத்தில் பதிவுபெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும், மின்வாரியம் இருவழி மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே பணம் வரும் என்பவை முக்கிய நிபந்தனைகள்.

ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். நம் வெயிலில் அவை நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், ஒரு கிலோவாட் என்பது ஒரு கணக்கெடுப்புக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் வீட்டில் செலவாகாத மின்சாரம் கம்பி வழியே வெளியே போகும். இரவில் வெளியிலிருந்து உள்ளே வரும். போனதைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் கட்டணம். போனது அதிகமாக இருந்தால் அடுத்த கணக்கில் வரவு வைக்கப்படும்.

இனி இரண்டு வீடுகளை ஒப்பிடுவோம். 2024 ஜூலையில் மாற்றப்பட்ட கட்டணத்தின்படி, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடு கட்டுவது ஏறக்குறைய 235 ரூபாய். அந்த வீட்டில் ஒரு கிலோவாட் தகடு வைத்தால் கட்டணம் முழுவதும் நீங்கிவிடலாம், ஆனாலும் ஓராண்டின் மிச்சம் 1,400 ரூபாய்தான். மானியம் போக 20,000 ரூபாயே கைச்செலவு என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும், போட்ட பணம் திரும்பி வரப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். இரண்டாவது வீடு குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார், அரவை இயந்திரம் எல்லாம் உள்ளது. 600 யூனிட் செலவழிக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு உரிய குறைந்த விகிதமும் போய்விடுவதால், அதன் கட்டணம் 2,900 ரூபாயை நெருங்கும். இரண்டு கிலோவாட் தகடு வைத்தால் கணக்கில் மிஞ்சுவது 120 யூனிட். கட்டமைப்புக் கட்டணம் போன்றவற்றைத் தனியே வைத்துப் பார்த்தால், ஆண்டு மிச்சம் 17,000 ரூபாய் அளவில் நிற்கும். மானியம் போகக் கைச்செலவு அறுபதாயிரமோ எழுபதாயிரமோ ஆனாலும் நான்கைந்து ஆண்டுகளில் அது திரும்பிவிடும்.

ஒரே திட்டம், ஒரே கூரை வெயில், ஆனால் பலன் வசதியுள்ள வீட்டுக்கு. இதற்குத் திட்டத்தை வகுத்தவர்களின் ஓரவஞ்சனை காரணமில்லை. எளிய வீட்டின் மின்கட்டணத்தை மாநில அரசு ஏற்கெனவே பெருமளவு சுமப்பதால், தகடு வைப்பதால் மிச்சமாகும் மின்சாரத்தின் விலை அந்த வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. அந்த மிச்சம் அரசின் மானியச் செலவில்தான் குறைகிறது. இரண்டு உதவிகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பதை, வீடுவீடாக வந்து விண்ணப்பம் நிரப்பித் தரும் முகவர் சொல்லமாட்டார். மின்கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நாமே பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில், தள்ளுபடி எதுவும் இல்லாத ஒரு பொருளைச் சொல்லியாக வேண்டும். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய மின்விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுழலும் மூன்று மின்விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் குறையும். மேற்சொன்ன 600 யூனிட் வீடு 480-க்கு இறங்கி, 500 யூனிட் எல்லைக்குள் வந்துவிடுவதால், கட்டணம் 2,900-இலிருந்து 1,700 ரூபாய்க்குக் குறையும். மூன்று மின்விசிறிக்கு ஒன்பதாயிரம் ரூபாய் என்றால், மழைக்காலத்தில் குறைவாகச் சுழல்வதைக் கழித்துப் பார்த்தாலும், இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். விளம்பரப் பலகையோ இணையதளப் பதிவோ வங்கிக் கணக்கு எண்ணோ இதற்குத் தேவையில்லை. அதனாலேயே யாரும் இதைப் பேசுவதில்லை. எல்.இ.டி. பல்பின் கதையும் இப்படித்தான். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் நாடு முழுவதும் வந்தபோது அரசு விலையில் மானியம் எதையும் வைக்கவில்லை. கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்ததிலேயே, 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது.

வயலுக்குப் போனால் கணக்கு மறுபடி மாறுகிறது. விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நீரை மிச்சப்படுத்தும் விவசாயிக்குக் கட்டணத்தில் எந்த லாபமும் இல்லை. ஆகவே சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அரசு மிகப் பெரிய பங்கை ஏற்கிறது: சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். குறுவை, சம்பா நெல்லுக்கு இது பொருந்தாது. திருவையாறு, கும்பகோணம் பக்கத்து வாழைக்கும் கரும்புக்கும், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கத்துத் தென்னைக்கும் பொருந்தும். ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டாவும் சிறு, குறு விவசாயி சான்றிதழும் கேட்கிறார்கள். கோயில், மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் நிறைந்த இந்தப் பகுதியில், உழுகிறவர் ஒருவராகவும் சிட்டாவில் உள்ள பெயர் வேறாகவும் இருப்பது சாதாரணம். நூறு சதவீதம் என்ற அறிவிப்பு அந்த வரப்போடு நின்றுவிடுகிறது.

கஜா வந்த ஊரில் ஒரு கேள்வி

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு பல நாட்கள் இருளில் கிடந்த ஊர்களில், சூரிய மின்தகடு என்றதும் முதலில் எழும் எதிர்பார்ப்பு, 'இனிக் கரண்ட் போனாலும் நம் வீட்டில் விளக்கு எரியும்' என்பதே. மானியத்தோடு பரவலாகப் பொருத்தப்படும் அமைப்பில் அது நடக்காது. ஊர்க் கம்பியில் மின்சாரம் நின்ற நொடியே அந்த அமைப்பும் தானாக நின்றுவிடும். இல்லையென்றால், அறுந்த கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உடலில் நம் வீட்டு மின்சாரம் பாயும். வெயில் கொளுத்தும் நண்பகலில், மாடி நிறையத் தகடுகள் இருந்தும் வீடு இருண்டிருக்கும் காட்சி பலருக்குப் புதிராக இருக்கிறது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும். மானியம் தகட்டின் திறனைப் பார்த்துத் தரப்படுவதால், மின்கலச் செலவு அதில் சேராது. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை மாடியில் எப்படிப் பிணைக்கிறார்கள் என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும். கற்களை வைத்து அழுத்துவது மதுரைக்குப் போதுமாக இருக்கலாம், வேதாரண்யத்துக்குப் போதாது.

கடைசியாக, விண்ணப்பங்கள் அதிகம் தேங்கும் இடம் தகடோ பணமோ அன்று, பெயர். மின் இணைப்பில் உள்ள பெயருக்கும் விண்ணப்பிப்பவரின் பெயருக்கும் வங்கிக் கணக்கின் பெயருக்கும் பொருத்தம் வேண்டும். டெல்டாவின் பழைய வீடுகளில் இணைப்பு இன்னும் காலமான தாத்தாவின் பெயரில் இருக்கும். வீட்டு வரி பெரியப்பாவின் பெயரில் போகும். குடியிருப்பவர் மூன்றாம் தலைமுறையின் கடைசிப் பிள்ளையாக இருப்பார். முதலில் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் பெற்று, மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். கோயில் அடிமனையில் வீடு கட்டியிருப்பவர்கள், பொருத்தும் நிறுவனத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தங்கள் ஆவணங்கள் செல்லுமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடி வேலையும் நடக்காது, தகட்டின் உற்பத்தியும் குறைவு. அந்த இரண்டு மாதங்களைக் காகித வேலைக்கு ஒதுக்கி, கொல்லைத் தென்னையின் நிழல் எத்தனை மணிக்கு மாடியைத் தொடுகிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் தகடுகளை ஏற்றினால், மின்விசிறிகள் ஓயாமல் சுழலும் பங்குனி, சித்திரைக் கணக்கெடுப்பிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.